பல் பிடுங்கியதைச் சொன்னதால் ரத்தம் வேண்டாம் என்றார்கள். அடுத்த முறை மறைத்துவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவருக்கு வயது 24, எடை 68 கிலோ, நோய்நொடி எதுவும் இல்லை. நண்பனின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கியதைப் படிவத்தில் நேர்மையாக எழுதியிருக்கிறார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். கூடப் போன அக்காவுக்கு "ரத்தம் கம்மி" என்று ஒரே வரி. பல்லுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம், உண்மையைச் சொன்னதால்தானே இப்படி ஆனது, அடுத்த தடவை சொல்லாமல் விட்டால் என்ன என்று கேட்கிறார்.

இருபது வருடத்துக்கு மேல் ரத்த வங்கியில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். மறைக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் நீளும்.

முதலில் பல். பல் பிடுங்கிய இடம் ஒரு திறந்த புண். வாயில் இருக்கும் கிருமிகள் அதன் வழியாக ரத்தத்தில் கலக்கும். உங்கள் உடம்பு அதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் ரத்தம் அப்படியே ஒருவருக்குப் போவதில்லை. சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரிப்போம். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். தட்டணுவை அப்படி வைக்க முடியாது, 20 முதல் 24 டிகிரிக்குள் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும், அதிகபட்சம் 5 நாள். அந்தச் சூட்டில் கிருமிக்குக் கொண்டாட்டம். பத்தே பத்துக் கிருமி உள்ளே போயிருந்தாலும் மூன்றாம் நாள் அது பெருங்கூட்டம். அந்தப் பை யாருக்குப் போகும்? பெரும்பாலும் கீமோதெரபியில் எதிர்ப்புச் சக்தி எல்லாம் போய்ப் படுத்திருக்கும் ஒருவருக்கு.

சரி, அதற்கு ஆறு மாதம் எதற்கு, ஒரு வாரம் போதாதா? நியாயமான கேள்விதான். கிருமிக்கு மட்டும் என்றால் சில நாள் போதும். சில நாடுகளில் சில நாள்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஆறு மாதம் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம், பல் மருத்துவக் கருவிகள் வழியாக வரக்கூடிய ஹெபடைடிஸ் பி, சி என்ற கல்லீரல் தொற்றுகள். எல்லாக் கிளினிக்கும் கருவிகளைச் சரியாக நீராவியில் கிருமிநீக்கி எடுக்கிறதா என்று எங்களால் போய்ப் பார்க்க முடியாது. நீங்கள் போன கிளினிக் சுத்தமானதாகவே இருக்கலாம். ஆனால் விதி எழுதுபவர் எல்லாக் கிளினிக்கையும் மனதில் வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விதி என்றேன். இது அந்த ரத்த வங்கிக்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்டதல்ல. இந்தியச் சட்டப்படி ரத்தம் ஒரு மருந்து. மாத்திரைக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அதே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ்தான் நாங்களும் வருகிறோம். யாரிடம் எடுக்கலாம், யாரிடம் கூடாது என்று தேசிய குருதிப் பரிமாற்றுக் குழுமம் 2017-இல் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020 மார்ச்சில் மருந்து விதிகளையும் திருத்தினார்கள். ரத்த வங்கி என்ற பெயரே அப்போது சட்டத்தில் ரத்த மையம் என்று மாறிவிட்டது. ஊரில் இன்னும் எல்லாருக்கும் அது ப்ளட் பேங்க்தான், எனக்கும்.

அடுத்து உங்கள் அக்கா. "ரத்தம் கம்மி" என்ற அந்த இரண்டு சொல்லை எங்கள் தொழிலிலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்ட பெண் வீட்டுக்குப் போய், தனக்கு ஏதோ பெரிய நோய் என்று பயந்து உட்கார்ந்துவிடுவாள். அல்லது இனி இந்தப் பக்கமே வர மாட்டாள்.

நடப்பது இதுதான். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நம் நாட்டில் ஒரே கோடு. ஆனால் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தசோகை என்று சொல்வதே 12-க்குக் கீழே போனால்தான். அதாவது 12.2 உள்ள பெண்ணுக்கு ரத்தசோகை இல்லை, ஆனால் அவர் ரத்தம் கொடுக்க முடியாது. உங்கள் அக்கா அந்தச் சின்ன இடைவெளியில் இருந்திருக்கலாம். உண்மையிலேயே குறைவாகவும் இருந்திருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முகாமுக்கு வரும் பெண்களில் ஏன் இத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. அதனால் எண் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 12.2-ஆ, 8.5-ஆ என்பது முக்கியம். முதலாவதுக்குச் சாப்பாடு போதும். இரண்டாவதுக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், மாதவிடாயில் அதிகம் போகிறதா, குடற்புழுவா, வேறு எங்காவது கசிகிறதா என்று.

சோதித்த விதத்தையும் கேளுங்கள். முகாம்களில் நீல நிறத்தில் ஒரு திரவம் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மயில்துத்தக் கரைசல். அதன் அடர்த்தி 1.053 இருக்கும்படி கலக்கியிருப்பார்கள். 12.5 கிராமுக்கு மேல் உள்ள ரத்தத்துளி அதில் விட்டதும் மூழ்கும், குறைந்தது தயங்கும், மிதக்கும். எளிய, மலிவான, நல்ல சோதனை. ஆனால் துளியோடு காற்றுக்குமிழி போனால் நல்ல ரத்தமும் மிதக்கும். புதிதாகச் சேர்ந்தவர் விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும், அப்போதும் மிதக்கும். மயில்துத்தத்தில் தோற்றவரை மறுபடி கருவியில் வைத்துப் பார்த்து, 13-க்கு மேல் வந்து, "ஸாரிம்மா, படுங்க" என்று கட்டிலுக்கு அனுப்பிய நாட்கள் எனக்கு உண்டு. சந்தேகமாக இருந்தால் "மெஷின்ல ஒரு தடவை பாருங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஏற்றுவதற்கு என்ன சாப்பிட வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது கண்ணுக்குத் தோன்றும் கணக்கு, அவ்வளவுதான். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி. நம் பாட்டிமார்கள் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கி வரச் சொன்னது சும்மா இல்லை, மண்ணீரலில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது. சைவம் என்றால் கீரை, பயறு, கேழ்வரகு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும், உணவில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது தடுக்கும். எண் ரொம்பக் குறைவு என்றால் சாப்பாடு மட்டும் போதாது, டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரைதான்.

இதே இரும்புக் கணக்கில்தான் இரண்டு தானங்களுக்கு நடுவே ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு முறை 350 மில்லி கொடுத்தால் 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போகிறது. உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். நீங்களே வகுத்துப் பாருங்கள். "போன மாசம்தான் குடுத்தேன், ஒண்ணும் ஆகலை" என்று மார்தட்டி வருபவர்களை நாங்கள் அன்போடு திருப்பி அனுப்புவது இதனால்தான்.

எடை 45 கிலோவுக்குக் கீழே என்றால் எடுக்க மாட்டோம். கல்லூரி முகாமில் 43 கிலோப் பெண் ஒருத்தி வந்து, "அப்ப கொஞ்சமா எடுத்துக்கோங்க சார்" என்று கெஞ்சினாள். நல்ல யோசனை போலத்தான் தோன்றும். ஆனால் 350 மில்லிப் பையில் ரத்தம் உறையாமல் இருக்க 49 மில்லி மருந்து ஏற்கெனவே ஊற்றியே வந்திருக்கும். இருநூறு மில்லி ரத்தத்துக்கு அந்த மருந்து அதிகம். அளவு கெட்டுப்போகும், பை வீண். இதைச் சொன்னதும் அவள் புரிந்துகொண்டாள். சொல்லாமல் "வெயிட் பத்தாது, போ" என்று விட்டிருந்தால் அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பாள். 450 மில்லி எடுக்க வேண்டுமானால் 55 கிலோ வேண்டும். வயது 18 முதல் 65. முதல் தடவை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும் பையனையும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சாப்பிடாமல் வந்தவர், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வந்தவர், நேற்றிரவுப் பார்ட்டியின் வாடையோடு வந்தவர், இவர்களுக்கெல்லாம் அன்றைக்கு மட்டும்தான் இல்லை. வெறும் வயிற்றில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு பையனின் தாடை போதும். பொறியியல் கல்லூரி முகாம். காலை டிபன் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினான். கொடுத்தான், எழுந்தான், ஜூஸ்கூட வாங்காமல் நடந்தான். மாடிப்படியில் கால் மடங்கிச் சரிந்து, தாடையில் நாலு தையல். பிறகுதான் சொன்னான், முந்தின நாள் மதியத்தோடு சரி என்று. அதனால்தான் நாலு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறோம். விரதம் இருப்பவர்களையும் வேண்டாம் என்பது இதே காரணத்துக்குத்தான். கொடுத்த கையோடு தொலைதூர லாரி ஓட்டக் கிளம்புபவர், உயரத்தில் ஏறி வேலை செய்பவர் ஆகியோரிடமும் வேறொரு நாள் வரச் சொல்வோம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் கொடுப்பவரைக் காப்பாற்றும் விதிகள். இனி வருவது வாங்குபவரைக் காப்பாற்ற. உங்கள் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

"எப்படியும் எல்லா ரத்தத்தையும் டெஸ்ட் பண்றீங்களே, அப்புறம் எதுக்கு இத்தனை கேள்வி?" வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்பார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் சோதிப்பது கட்டாயம். ஆனால் தொற்று உடம்பில் நுழைந்த அன்றே சோதனையில் தெரியாது. எச்ஐவிக்கு எலைசா என்ற வழக்கமான சோதனையில் சுமார் இரண்டு மூன்று வாரம், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனையில் அதைவிடக் குறைவு. இரண்டிலும் அந்த இடைவெளி பூஜ்ஜியம் ஆவதில்லை. நாட் சோதனை இந்தியாவில் சட்டப்படி கட்டாயமும் இல்லை, வசதியுள்ள இடங்களில் செய்கிறார்கள். அந்த நாட்களில் ரத்தம் கொடுப்பவரின் சோதனை முடிவு சுத்தமாக வரும், ரத்தம் சுத்தமாக இருக்காது. அந்த இடைவெளியை அடைக்க எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கருவிதான், நீங்கள் எழுதித் தரும் படிவம்.

பச்சை குத்தியிருந்தால் 12 மாதம் பொறுக்கச் சொல்வது இதற்காக. மூக்குத்தி, காது குத்தியதும் அதே கணக்கு. பங்குனி உத்திரத்துக்கோ தைப்பூசத்துக்கோ அலகு குத்தியவர்கள் இது தங்களுக்கும் பொருந்தும் என்று நினைப்பதே இல்லை. "அது சாமிக்கு சார்" என்பார்கள். சாமிக்குத்தான், ஆனால் ஊசி ஊசிதானே. படிவத்தில் பச்சை, துளை என்றுதான் அச்சடித்திருக்கிறோம், அலகு என்று போட்டிருந்தால் பாதிப் பேர் தாங்களே சொல்லியிருப்பார்கள். இது எங்கள் தப்பு.

பாலுறவு பற்றிய கேள்விகள்தான் எல்லாரையும் நெளிய வைப்பவை. பின்னால் நண்பர்கள் வரிசையில் நிற்கும்போது யார் உண்மை சொல்வார்கள்? அதனால் தனியிடத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. பல முகாம்களில் ஷாமியானா ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதையே தனியிடம் என்று சொல்லிக்கொள்கிறோம். நண்பர்கள் முன்னால் மறுக்க முடியாமல் கொடுத்துவிட்டீர்களா, வெளியே வந்து அந்த மையத்துக்கு போன் செய்து "என் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள். எச்ஐவி இருக்குமோ என்று பார்த்துக்கொள்வதற்காகவே ரத்தம் கொடுக்க வருபவர்கள் உண்டு. அவர்கள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம். இலவசம், ரகசியம், யாருக்கும் ஆபத்தில்லை.

இங்கே ஒரு விதியில் எனக்கு உடன்பாடில்லை. 2017 வழிகாட்டுதல் திருநர்களையும், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும் ஒட்டுமொத்தமாக விலக்குகிறது. மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கை செயற்பாட்டாளர் தங்ஜம் சாந்தா சிங் 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அதே ஆண்டு பிரிட்டன், யார் நீ என்று கேட்பதை விட்டு, அண்மையில் என்ன செய்தாய் என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும் முறைக்கு மாறியது. 2023-இல் அமெரிக்காவும் மாறியது. ஒரு திருநங்கையிடம் "உங்களிடம் எடுக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பிய பிறகு எனக்குச் சொல்லக் காரணம் இருக்கவில்லை, சுற்றறிக்கைதான் இருந்தது. பல் பிடுங்கிய உங்களுக்கு விளக்கம் தர முடிகிறது. அவருக்குத் தர முடியவில்லை.

சாத்தூர் சம்பவம் நினைவிருக்கும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியாக எச்ஐவி போய்விட்டது. கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானாகவே வந்து சொன்னவர் அவர். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. இரண்டு வருடம் முன்பே அவர் ஒரு முகாமில் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும், அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளிவந்தது. அவருக்கு அன்றே சொல்லியிருந்தால் அவர் இரண்டாவது தடவை கட்டிலில் படுத்திருக்கவே மாட்டார். கொடுப்பவர் எங்களிடம் மறைக்கக் கூடாது என்று நான் சொல்லும்போதெல்லாம், நாங்கள் கொடுப்பவரிடம் மறைத்ததால் நடந்த இது என் தொண்டையில் நிற்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்கு, சிக்குன்குனியா வந்தவர்கள் குணமாகி 6 மாதம் பொறுக்க வேண்டும். மலேரியாவுக்கு 3 மாதம், அந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும். டைபாய்டு 12 மாதம். காசநோய் குணமாகி 2 வருடம். நாய் கடித்து ஊசி போட்டால் ஒரு வருடம். ஆன்டிபயாடிக் முடித்து 2 வாரம். பிரசவமாகி 12 மாதம், அதன் பிறகும் பால் கொடுக்கும் வரை வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும் அடுத்த வாரம் வரச் சொல்வோம். மஞ்சள் காமாலை என்றால் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். ஏ, இ வகை தண்ணீரால் வருவது, 12 மாதம் கழித்துக் கொடுக்கலாம். பி, சி என்றால் ஆயுளுக்கும் இல்லை. கீழாநெல்லி குடித்துச் சரியாகிவிட்டது, டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை என்பவர்கள்தான் சிக்கல். வகை தெரியாததால் அவர்களையும் நிரந்தரமாக விலக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மூன்று நாளைக்குத் தட்டணு எடுக்க மாட்டோம்.

பிரஷர், சுகர் மாத்திரை போடுபவர்கள் தாங்களாகவே "நம்மகிட்ட எடுக்க மாட்டாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது பழைய காலம். மாத்திரையோடு அழுத்தம் 140/90-க்குள் இருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், கடந்த 4 வாரத்தில் மாத்திரையோ அளவோ மாறாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் கூடாது. பழைய பழக்கத்தில் சில இடங்களில் இன்னும் மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதுமே அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. பிள்ளைக்கு அப்பா ரத்தம், தம்பிக்கு அண்ணன் ரத்தம்தான் சிறந்தது என்று குடும்பமே வரிசையில் நிற்கும். நெருங்கிய ரத்த உறவின் வெள்ளையணு, வாங்குபவரின் உடம்பில் அந்நியனாக அடையாளம் காணப்படாமல் தங்கி, அந்த உடம்பையே தாக்கத் தொடங்குவதுண்டு. அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வம். அந்த வெள்ளையணுவை முடக்கக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் அந்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவன் கொடுப்பதும் நல்லதல்ல. அவனுடைய அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொண்டால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து. நண்பனின் அப்பாவுக்கு என்று நீங்கள் போனது அந்த வகையில் சரியான ஆள் போனதுதான்.

சில நாள் உங்களிடம் ஒரு குறையும் இருக்காது, அப்படியும் வேண்டாம் என்பார்கள். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் ஊரெல்லாம் முகாம் நடக்கும். முழு ரத்தம் 35 நாள்தான் தாங்கும். ஒரே குரூப் நூறு பை குவிந்தால் பாதி காலாவதியாகும். "அடுத்த மாசம் வாங்க" என்றால் நிஜமாகவே அடுத்த மாதம்தான் நீங்கள் தேவை. அந்த அடுத்த மாதத்தில்தான் ஒருவரும் வருவதில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் தேதி கடந்த பிறகும் திரும்புவதில்லை, முதல் தடவை வந்தவர்கள் என்றால் இன்னும் மோசம். நான் கடைசி ஐந்தாறு வருடம் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு வழக்கத்தை வைத்திருந்தேன். காரணம் ஒரு வரி, எண் இருந்தால் எண், கொடுக்கக்கூடிய தேதி. சீட்டோடு போனவர்கள் அதே சீட்டைப் பர்ஸில் வைத்திருந்து கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு யாரும் அப்படித் தரவில்லை என்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கிய தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணி போனில் நினைவூட்டல் போடுங்கள். அக்காவின் ஹீமோகுளோபின் எண்ணைக் கேட்டு வாங்கி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நண்பனின் அப்பாவுக்கு இப்போதே தேவை என்றால் உங்கள் அலுவலகத்தில் பல் எல்லாம் பத்திரமாக இருக்கும் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள்.